முதல் பக்கம் அவருக்கு, இரண்டாம் பக்கம் நமக்கு

சங்கிலி மேஸ்திரி சந்து,
திருவொற்றியூர்.
4.11.2024

ஜேக்கப் அண்ணனுக்கு,

மேரி எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் நம்பரை பிளாக் செய்து இரண்டு வருஷம் ஆகிறது, அது அப்படியேதான் இருக்கும். அம்மாவின் கண்ணீர் அஞ்சலி பேனரில் அம்மா முகத்தை எலுமிச்சம்பழம் அளவுக்கும் கவுன்சிலர் முகத்தைப் பரங்கிக்காய் அளவுக்கும் போட்ட ஆளோடு எனக்குப் பேச்சு கிடையாது. பேசினால் கத்துவேன். அதனால்தான் பேப்பர். ஃபாத்திமா டோல்கேட் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிற வழியில் இதை உன் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். பதிலையும் என் மகளிடமே கொடுத்துவிடு.

விஷயம் என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் முப்பது வருஷம் கரித்தூளும் உரத்தூளும் ஏறின நெஞ்சு அவருடையது. போன புதன்கிழமை காலையில் ஜெரிக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. 108-க்கு அடித்தோம். பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. வந்து என்ன புண்ணியம், சந்து முனையில் டிரெய்லர் நிற்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்பது உனக்குத் தெரியும். எங்கள் சந்துக்கு இருக்கிற ஒரே வாயை அதுங்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. டிரைவரைத் தேடினால் ஆள் டிபன் சாப்பிடப் போய்விட்டான். கடைசியில் ஜெரியை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் சாய்த்துச் சாய்த்து வெளியே கொண்டுபோனோம். "இன்னும் கால் மணி நேரம் ஆகியிருந்தா கூட்டிட்டு வந்திருக்கவே வேண்டாம்மா" என்று டாக்டர் சொன்னார். இது திரும்ப வரும் என்றும் சொன்னார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சந்து முனையில் பன்னிரண்டடிக்கு மஞ்சள் கோடு போட்டு, அங்கே லாரி நிற்கக்கூடாது என்று ஒரு போர்டு வைத்தால் போதும். கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவன் நீ. எனக்கு ஒன்று எழுதிக் கொடு.

மேரி

டோல்கேட்
6.11.2024

மேரிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறவள் முதல் பத்தியிலேயே காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அதில் ஏமாற்றமில்லை.

மச்சானுக்கு இப்படி ஆனது எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்து நாளாகத் தெருவில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் முதியோர் பென்ஷன் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், சொந்த மச்சான் நாற்காலியில் தொங்கியது ஃபாத்திமா சொல்லித்தான் தெரிகிறது. அதை விடு.

மனு இத்துடன் இருக்கிறது. மூன்று பக்கம். நீ கத்துவதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷமாக என் முறை ஒன்றுதான். முதல் பக்கம் அவருக்கு, இரண்டாம் பக்கம் நமக்கு, மூன்றாம் பக்கம் கையெழுத்து. அந்த ஆள்மேல் எனக்கு மரியாதை இருக்கிறது என்று நினைத்துவிடாதே. சாக்கடை மூடியைத் திறந்து வைத்தால் அதற்கும் ரிப்பன் வெட்டுகிற ஜென்மம் அது. ஆனால் அந்த ஜென்மத்தின் முன்னால் பேப்பரை நீட்டினால், பக்கத்தில் நிற்கிறவன் முதல் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பான். நாலு பேர் கேட்பார்கள். அவர் முகம் மலரும். மலர்ந்த முகத்தோடுதான் இரண்டாம் பக்கத்துக்கு வருவார். நேரே லாரி என்று ஆரம்பித்தால் பேப்பர் டீ டம்ளருக்கு அடியில் போய்விடும்.

ஆகையால் "ஏழைகளின் ஏந்தலே, எங்கள் வட்டத்தின் விடிவெள்ளியே, அழைக்கும் முன் ஓடிவரும் அன்புக் கரமே, தாங்கள் மாமன்ற உறுப்பினராக வாய்த்தது எங்கள் சந்து செய்த தவம்" என்று இருப்பதில் ஒரு எழுத்தைக்கூட நீ அடிக்காதே. உன் வீட்டுக்காரரின் மூச்சு இரண்டாம் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஜேக்கப்

திருவொற்றியூர்
17.11.2024

அண்ணனுக்கு,

உன் முதல் பக்கத்தைச் சந்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு மலிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு மாசம் அவளுக்கு, சிரிக்காதடி என்று நானே அதட்டினேன். அவள் வீட்டுக்காரர் யாசின், "இன்னாக்கா, மனுவா கல்யாணப் பத்திரிகையா" என்று கேட்டார். ஜெரிகூடச் சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது, கால் மணி நேரம் இருமினார். எனக்குக் கூசியது. எந்த நாளில் அந்த ஆள் அழைக்கும் முன் ஓடிவந்தான்? ஓட்டுக்கு வந்தான், அதோடு சரி.

இருந்தாலும் நீ இந்தத் தொழிலில் கிழவன் ஆனவன், உனக்குத் தெரியும் என்று நாற்பத்து மூன்று வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். நேற்று கொண்டுபோய்க் கொடுத்தோம். சால்வை கொண்டுவரவில்லையா என்று வாசலிலேயே கேட்டார்கள். ஓடிப்போய் வாங்கி வந்தோம். போர்த்தினோம், போட்டோ எடுத்தார்கள். நீ சொன்ன மாதிரியே ஒருவன் முதல் பக்கத்தைப் படித்தான். நீ சொன்ன மாதிரியே அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் கையைக் கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். "இன்னொரு பக்கம் கீது சார்" என்றேன். "கொட்த்துட்டியாம்மா? போ, பாத்துக்கலாம்" என்று ஒருவன் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

பார்ப்பார்களா அண்ணா? நீ சொல்.

மேரி

டோல்கேட்
19.11.2024

மேரிக்கு,

பார்ப்பார்கள். பதினைந்து நாள் பொறு. இதற்கெல்லாம் ஒரு கால அளவு உண்டு. அவசரப்பட்டுப் போய் நின்றால் காரியம் கெடும்.

மச்சானுக்கு ராயபுரத்திலிருந்து நண்டு ரசம் வைத்து அனுப்பட்டுமா என்று உன் அண்ணி கேட்கிறாள். வேண்டாம் என்பாய். கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

ஜேக்கப்

திருவொற்றியூர்
9.12.2024

ஜேக்கப்புக்கு,

அண்ணன் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

உன் பதினைந்து நாள் முடிந்தது. காலையில் எழுந்து வெளியே போனால் சந்து முனையில் பன்னிரண்டடி பேனர். அந்த ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் உன் விடிவெள்ளி, உன் அன்புக் கரம், உன் தவம், எல்லாம் மஞ்சள் எழுத்தில். கீழே "நன்றியுடன், சங்கிலி மேஸ்திரி சந்து பொதுமக்கள்" என்று போட்டு நாற்பத்து மூன்று பேரின் பெயரும் வரிசையாக. முதல் பெயர் எது தெரியுமா? ஜெரி. என் வீட்டுக்காரர் பெயரில் அவனுக்கு நன்றி. இரண்டாம் பக்கத்தைக் காணோம்.

பேனரைக் கட்ட எங்கே மூங்கில் நட்டிருக்கிறார்கள் என்று கேள். டிரெய்லர் நின்றாலும் சுவரோரம் ஒரு ஆள் நுழைகிற இடுக்கு இருந்தது என்று எழுதினேனே, அங்கேதான். இருந்த ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள்.

மாநகராட்சி ஆபீசில் அதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "உங்க சந்து பிரச்சினை முடிஞ்சதுன்னு கீதேம்மா. நன்றிக் கடிதம்கூட வெச்சிருக்காங்க. நாற்பத்து மூணு கையெழுத்து" என்று திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா. பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களைப் பார்த்து, "ஏந்தல் ஆளுங்க வந்துகினு இருக்காங்க, வழி வுடு" என்கிறார்கள்.

நாங்கள் என்ன கேட்டோம்? ஒரு கோடு. நீ அவன் காலைக் கழுவி, அந்தத் தண்ணியை எங்கள் நாற்பத்து மூன்று பேருக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறாய். அம்மா விஷயத்தில் பட்டும் உன்னிடம் வந்தேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேரி

டோல்கேட்
11.12.2024

மேரிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

பேனரை நேரில் வந்து பார்த்தேன். உன் வீடு வரை வரவில்லை, முனையோடு திரும்பிவிட்டேன். முதல் பக்கத்தில் வெறும் புகழ்ச்சி. மூன்றாம் பக்கத்தில் வெறும் கையெழுத்து. நடுவில் இருப்பதை உருவிவிட்டால் அது நன்றிக் கடிதம்தான். இருபத்தாறு வருஷத்தில் இது எனக்குத் தோன்றியதே இல்லை. இதற்கு முன்னால் எத்தனை பேருடைய இரண்டாம் பக்கம் இப்படிப் போயிருக்கும் என்று நேற்று முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். வந்தவர்களுக்கு எழுதக்கூட இல்லை.

அவர்கள் ஆபீசுக்குப் போனேன். இரண்டாம் பக்கம் எங்கே என்று கேட்டேன். "அது இன்னாத்துக்கு நைனா, ஃபர்ஸ்ட் பேஜு அட்டகாசமா கீதே" என்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான் ஒருவன். பொங்கல் வாழ்த்து எழுதித் தர முடியுமா என்று வேறு கேட்டான். டீயைக் குடித்துவிட்டேன் மேரி. அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

வேறு மனு எழுதுகிறேன். ஒரே பக்கம். கையெழுத்துப் போடச் சொல்.

ஜேக்கப்

ஆஸ்பத்திரியிலிருந்து
27.12.2024

ஜேக்கப் அண்ணனுக்கு,

உன் ஒரு பக்க மனுவும் வந்தது. யாரும் கையெழுத்துப் போடவில்லை. "யக்கா, அடுத்த பேனருக்கா" என்று கேட்கிறார்கள். நான் எந்த முகத்தோடு வற்புறுத்துவது?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் ஜெரிக்கு மூச்சு நின்றுபோகிற மாதிரி ஆகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து சைரன் போட்டுக்கொண்டே நிற்கிறது. முனையில் டிரெய்லர், பண்டிகை லீவில் டிரைவர் எங்கேயோ போய்விட்டான். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனால் இடுக்கில் மூங்கில். ஜெரியின் உதடு நீலமாகிவிட்டது. நான் யாசினைப் பார்த்து, "இன்னா பாத்துகினு கீற, அத்த அறுத்துப் போடு" என்று கத்தினேன். யாசின் கயிற்றை அறுத்து மூங்கிலைப் பிடுங்கினார். இந்தத் தடவை லாரி சுவரை இன்னும் ஒட்டி நின்றதால் நாற்காலி இடித்தது, நுழையவில்லை. பேனரைத் தரையில் விரித்து அதன்மேல் ஜெரியைப் படுக்கவைத்து, மூலைக்கு ஒருவராகப் பிடித்து, குறுக்கிச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனோம். விடிவெள்ளியின் மூஞ்சிமேல் ஜெரியின் முதுகு. அந்த ஆள் பதவிக்கு வந்து எங்கள் சந்துக்கு உபயோகப்பட்டது அந்த ஐந்து நிமிடம்தான்.

முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. இப்போது குழாய் போட்டு வைத்திருக்கிறார்கள். கண் திறக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்க்காமல் ஃபாத்திமாவைப் பார்த்துப் பேசுகிறார். அது நல்லதற்கில்லை என்று எனக்குத் தெரியும்.

மேரி

டோல்கேட்
29.12.2024

மேரிக்கு,

நேற்று வார்டுக்கு வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அது நியாயம்தான், குறை சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, தினமும் அங்கேதான் இருப்பேன். மருந்து வாங்க, ரத்தம் கொண்டுபோக, எதற்காவது ஆள் வேண்டும் என்றால் ஃபாத்திமாவை அனுப்பு.

ஜேக்கப்

திருவொற்றியூர்
10.1.2025

அண்ணனுக்கு,

அடக்கத்தன்று நீ கல்லறைக்கு நேராக வந்துவிட்டாய். வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

காலை பத்து மணிக்கு ஜெரியைக் கூடத்தில் வைத்திருந்தோம். திடீரென்று நாலு பேர் முனைக்கு ஓடினார்கள். டிரைவர்களை எங்கெங்கிருந்தோ பிடித்து வந்தார்கள். ஏழு டிரெய்லர் அண்ணா. பத்தே நிமிடம். ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டார்கள். நான் இந்தச் சந்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முனையை அவ்வளவு அகலமாகப் பார்த்ததே இல்லை. எதற்கு என்று பார்த்தால், ஏந்தலின் கார் உள்ளே வருகிறது. மாலை போட வருகிறார்.

போட்டார். போட்டோ எடுத்தார்கள். "மனசத் தேத்திக்கமா" என்றார். அந்த நேரத்தில் என் வாயில் வந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அந்த வெறும் முனையைத் தவிர வேறொன்றும் கண்ணில் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் முடிகிற காரியமாம் அது.

அவர் கார் போனதும் லாரிகள் திரும்ப வந்து நின்றுகொண்டன. பூசைக்கு ஜெரியை ஏற்றிக்கொண்டு அமரர் ஊர்தி வெளியே போக முக்கால் மணி நேரம் ஆனது. அதனால்தான் உங்களையெல்லாம் கல்லறையில் வெயிலில் நிற்கவைத்தோம்.

இன்றைக்கு அவர் ஆபீசிலிருந்து ஒருவன் வந்தான். நேரில் வந்து ஆறுதல் சொன்னதற்குச் சந்தின் சார்பில் ஒரு நன்றிக் கடிதம் கொடுத்தால் நல்லதாம். நான் விளக்குமாற்றைத் தேடினேன், அதற்குள் போய்விட்டான். உன்னிடம்தான் வருவான். நீ எழுதிக் கொடுத்தால் நான் செத்தால்கூட என் வீட்டுப் படி ஏறாதே. மலிகாவுக்கு அடுத்த மாசம் பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அவளும் இந்த முனை வழியாகத்தான் போக வேண்டும்.

மேரி

டோல்கேட்
13.1.2025

மேரிக்கு,

வந்தான். எழுதிக் கொடுத்துவிட்டேன். பேப்பரைக் கசக்குவதற்கு முன் முழுதும் படி.

நான் உன் அண்ணன் என்று அவனுக்குத் தெரியாது. "போன தபா எழுதனியே நைனா, அதே மாதிரி தூக்கலா ஒரு பக்கம் போதும். ரெண்டாவது பக்கம்லாம் வாணாம், பேஜாரு" என்றான். சரி என்று ஒரே பக்கத்தில் எழுதினேன். இதுதான் அது:

"ஏழைகளின் ஏந்தலே, எங்கள் வட்டத்தின் விடிவெள்ளியே. சங்கிலி மேஸ்திரி சந்து ஜெரி அவர்களின் உடலுக்கு மாலை அணிவிக்கத் தாங்கள் வந்தபோது, சந்து முனையில் நின்ற ஏழு டிரெய்லர்களும் பத்து நிமிடத்தில் அகற்றப்பட்டன. ஜெரி உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்த அன்று, அவை முப்பத்தைந்து நிமிடம் அகற்றப்படவில்லை. பன்னிரண்டடி மஞ்சள் கோடு கேட்டு நாற்பத்து மூன்று வீட்டார் கொடுத்த மனுவின் இரண்டாம் பக்கம் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. லாரிகளை எடுக்க முடியும் என்பதைத் தங்கள் காருக்காக நேரில் காட்டியதற்கு நன்றி. இறந்தவரின் மைத்துனன், அ. ஜேக்கப், மனு எழுதுபவர், டோல்கேட்."

இதுவரை எழுதிய எந்த மனுவிலும் என் பெயர் இருந்ததில்லை. அவன் முதல் வரியைப் படித்தான். "சூப்பரு" என்றான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக பேனர் கடைக்குப் போனான்.

ஜேக்கப்

திருவொற்றியூர்
22.1.2025

அண்ணனுக்கு,

சனிக்கிழமை கட்டினார்கள். அதே பன்னிரண்டடி, அதே பல். எழுத்து எல்லாம் நீ எழுதியபடி, ஒரு வார்த்தை குறையவில்லை. பேனர் கடைக்காரனும் படிக்கவில்லை, கட்டியவனும் படிக்கவில்லை, எவனைப் பற்றி எழுதினாயோ அவனும் அந்த வழியாக இரண்டு தடவை காரில் போனான், முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனான். எங்கள் சந்து படித்தது. பக்கத்துத் தெரு படித்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முனையில் நின்ற டிரெய்லரின் டிரைவர், சேலம் பக்கத்து ஆள், இறங்கி நின்று முழுதும் படித்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தேன். "இந்த எடத்துலயாம்மா?" என்று கேட்டார். ஆமாம், என் வீட்டுக்காரர்தான் என்றேன். வண்டியில் ஏறிப் பின்னால் எடுத்தார். பின்னால் நின்றவனிடம் போய் ஏதோ சொன்னார், அவனும் எடுத்தான். அன்றிலிருந்து முனையில் ஒரு வண்டி போகிற அளவுக்கு விட்டுத்தான் நிறுத்துகிறார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கு முன்னால் நிற்கிறவன் இந்தியில் சொல்கிறான். கோடும் இல்லை, போர்டும் இல்லை.

நேற்றுதான் அந்த ஆளுக்கு யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். பத்துப் பேர் வந்து பேனரைக் கிழித்துக்கொண்டு போனார்கள். உன்னைத் தேடி டோல்கேட்டுக்கும் வருவார்கள். மேஜையைக் கொஞ்ச நாள் எடுத்து வை. யாசினும் இன்னும் ஆறு பேரும் உன்னோடு வந்து உட்காருகிறோம் என்கிறார்கள், வேண்டுமா வேண்டாமா சொல்.

நீ எழுதினதிலேயே உருப்படியானது இது ஒன்றுதான். மூன்று மாசம் முன்னால் இதை எழுதியிருக்கலாம். அதை நான் மறக்க மாட்டேன், உன்னையும் மறக்க விட மாட்டேன்.

இன்று விடியற்காலை மலிகாவுக்கு வலி எடுத்துவிட்டது, தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே. 108 சந்துக்குள் அவள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். ஜெரிக்கு முப்பதாம் நாள் பூசை வருகிறது. அண்ணியைக் கூட்டிக்கொண்டு வா.

மேரி